ஸ்லைடில் பார்த்த வால் என் குழந்தையைத் தொடருமா?

29 வயது வாசகி ஒருவரின் நீண்ட கடிதம். அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மருந்துகளும் வேதிப்பொருள்களும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துமா என்று செல்களில் சோதித்துச் சொல்லும் ஆய்வகம் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக அவர் வேலை செய்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, டி.என்.ஏ. இழைகள் எவ்வளவு அறுந்திருக்கின்றன என்று காட்டும் காமெட் சோதனையைக் கற்றுக்கொடுக்க ஒரு நாள் ஊழியர்களின் இரத்தத்தையே எடுத்திருக்கிறார்கள். காலையில் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்தாலும், இவருடைய ஸ்லைடைப் போடும் முறை மாலையில்தான் வந்தது. உடன் வேலை செய்பவரின் செல்கள் முழுநிலா போல வட்டமாக இருந்தன. இவருடைய செல்கள் பலவற்றில், அறுந்த டி.என்.ஏ. வெளியே இழுபட்டு உண்டான வால். எண்ணியது 50 செல்கள். வாலில் இருந்த டி.என்.ஏ. அவருக்கு 4 சதவீதம், இவருக்கு 14. "ஐந்து வருடம் இந்த அறையில் இருந்ததற்குக் கிடைத்த கூலி" என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார்.

வாசகியும் கணவரும் குழந்தைக்காக முயலத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. அன்றோடு அதை நிறுத்திவிட்டார்கள். வேலையை விட்டுவிடச் சொல்கிறார் கணவர். "என் டி.என்.ஏ. கெட்டுவிட்டதா? அது என் பிள்ளைக்கும் போகுமா? முழு மரபணுச் சோதனை செய்துகொள்ளட்டுமா? ஒரு பொருள் பிறழ்வை உண்டாக்குமா என்று பாக்டீரியாவில் பார்க்கும் ஏம்ஸ் சோதனையில் தட்டு முழுக்கப் பாக்டீரியாக் காலனி வளரவைத்த பொருள்களையெல்லாம் இந்தக் கையால் தொட்டிருக்கிறேன். கை நடுங்காது என்பதால், டி.என்.ஏ.வைத் தாக்கும் என்று தெரிந்தே ஒப்பிடுவதற்கு வைக்கும் பாசிட்டிவ் கன்ட்ரோல் பொடிகளை எடைபோடுவதும் எப்போதும் நான்தான். வேலையை விடுவதைத் தவிர வேறு வழி உண்டா?" என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம். அந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், பத்துப் பேர் நடுவில் ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மரபியல் ஆலோசகராவதற்கு முன் நானும் இதே சோதனைகளைச் செய்தவள். இருட்டறையில் நுண்நோக்கி முன்னால் உட்கார்ந்து வால்களை எண்ணியிருக்கிறேன். அந்த அனுபவத்தையும் சேர்த்தே சொல்கிறேன்: அந்த ஒரு ஸ்லைடுக்காக நீங்கள் குழந்தை பெறுவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

என்னைக் கவலைப்பட வைத்தது வேறொரு வரி. பொடிகளை எடைபோடுவது நான்தான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சேதம் வேறு, பிறழ்வு வேறு

இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதில்தான் உங்கள் பயம் தொடங்குகிறது. வெதுவெதுப்பான நீர் நிறைந்த இடத்தில் இருப்பதாலேயே நம் டி.என்.ஏ. ஓயாமல் பழுதாகிக்கொண்டிருக்கிறது. ஒரு செல்லில், ஒரு நாளில் மட்டும் சுமார் 10,000 பியூரின் எழுத்துகள் (ஏ, ஜி) இழையிலிருந்து கழன்று விழுகின்றன. 1970-களின் தொடக்கத்தில் தாமஸ் லிண்டால் இந்தச் சிதைவை அளந்து பார்த்தார். இவ்வளவு சிதைந்தும் உயிர் நிலைக்கிறதென்றால் செல்லுக்குள் பழுதுபார்ப்பவர் யாரோ இருந்தாக வேண்டும் என்று தேடினார், கண்டும்பிடித்தார். டி.என்.ஏ. பழுதுநீக்கத்தை விளக்கியதற்காக 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சன்ஜார் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சி அரித்த துளையும் ஓரம் முறிந்த ஏடும் சேதம். அதே நூலுக்கு இன்னொரு படி கையில் இருந்தால் அதைப் பார்த்து நிரப்பிவிடலாம். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று அப்படிப்பட்ட படிகள். நிரப்புவதற்கு முன்பே ஒருவர் அந்த ஏட்டைப் பார்த்துப் புதுச் சுவடி எழுதி, துளை இருந்த இடத்தில் தானே ஓர் எழுத்தை ஊகித்துப் போட்டுவிட்டால் அது பாடபேதம். புதுச் சுவடியில் துளை கிடையாது, ஆனால் எழுத்து மாறிவிட்டது. பிறழ்வு என்பது இதுதான். காமெட் சோதனைக்குத் துளைகள் மட்டுமே தெரியும். பாடபேதத்தை அதனால் பார்க்கவே முடியாது. ஆகவே உங்களுக்குப் பிறழ்வு இருப்பதாக அந்த ஸ்லைடு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

அந்த 14 சதவீதம்

சரி, துளைகளாவது கூடுதலாக இருந்தனவா? அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. செல்லை அகரோஸ் கூழில் பதித்து, சவ்வைக் கரைத்து, காரக் கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறோம். அறுந்த இழைகள் நேர்மின்முனை நோக்கி இழுபட்டு வாலாகின்றன. இதில் எந்த இடத்தில் கைபிசகினாலும் வால் நீளும். இரத்தம் பல மணி நேரம் காத்திருந்தால் நீளும். கரைத்த ஸ்லைடின் மேல் அறை விளக்கின் வெளிச்சம் பட்டால் நீளும். ஒரே தொட்டியில் வைத்த ஸ்லைடுகளுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மின்புலம் சற்று மாறும். உங்கள் இரத்தம் காலையிலிருந்து மாலை வரை குழாயில் கிடந்திருக்கிறது. முன்பே முறை வந்தவரின் ஸ்லைடோடு அதை ஒப்பிட்டதே தவறு. விலங்குகளில் செய்யும் காமெட் சோதனைக்கான ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நெறிமுறை 489 ஒரு மாதிரிக்குக் குறைந்தது 150 செல்களை எண்ணச் சொல்கிறது. பயிற்சிக்குப் போட்ட ஒற்றை ஸ்லைடில், கற்றுக்கொண்டிருப்பவர்கள் எண்ணிய 50 செல்களை வைத்து ஓர் எலியைப் பற்றிக்கூட உங்கள் ஆய்வகம் அறிக்கை கொடுக்காது.

இன்னொன்று. பழுதுபார்க்கும் நொதிகள் கெட்ட துண்டை முதலில் வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாக நிரப்புகின்றன. அந்த நேரம் பார்த்து ஸ்லைடு போட்டால் அந்த வெட்டும் வாலாகத்தான் தெரியும். எனவே சில வால்கள், வேலை நடந்துகொண்டிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். சாதாரணமான இழை முறிவுகள் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். ஐந்து ஆண்டுக் கணக்கை இந்தச் சோதனையால் எழுத முடியாது. அது சொல்வதெல்லாம் அண்மைக் காலச் செய்திதான்.

தட்டு நிறையக் காலனி வந்த பொருள்களைத் தொட்டதாக வருந்துகிறீர்கள். புரூஸ் ஏம்ஸ் 1970-களில் அந்தச் சோதனையை உருவாக்கியபோது, சால்மொனெல்லா பாக்டீரியாவை வேண்டுமென்றே பலவீனப்படுத்தினார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் திறன் அதற்கு இல்லை, பிறழ்வால் அந்தத் திறன் திரும்பக் கிடைத்த பாக்டீரியா மட்டுமே காலனியாக வளரும். டி.என்.ஏ.வை வெட்டிச் சரிசெய்யும் ஒரு முக்கிய வழியும் நீக்கப்பட்டிருக்கிறது. பெரிய மூலக்கூறும் நுழையும்படி அதன் வெளியுறையும் ஓட்டையாக்கப்பட்டிருக்கிறது. சின்ன ஆபத்தையும் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இத்தனையும். எதுவும் சேர்க்காத, டி.ஏ.100 என்ற பாக்டீரியா வகையின் தட்டிலும் நூறு காலனிபோல வருவதை நீங்களே எண்ணியிருப்பீர்கள். பொருளுக்கு ஆபத்துத் தன்மை இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் சோதனை அது. உங்கள் உடலுக்குள் எவ்வளவு போனது என்ற கேள்வி அதில் இல்லை.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2007-இல் ஐரோப்பாவில் நெல்ஃபினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். தயாரிப்பின்போது அதில் எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் கலந்துவிட்டிருந்தது. காமெட் சோதனையில் வழக்கமாகப் பாசிட்டிவ் கன்ட்ரோலாக வைக்கும் அதே பொருள்தான். மருந்தைச் சாப்பிட்டவர்களின் அச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு சுண்டெலிகளில் விரிவாகச் சோதித்தபோது, ஓர் அளவுக்குக் கீழே பிறழ்வு கூடவே இல்லை, செல்கள் சரிசெய்துவிட்டன என்று தெரிந்தது. நோயாளிகளின் உடலில் சேர்ந்திருக்கக்கூடிய உச்ச அளவு அந்த எல்லையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. இது ஒரு பொருளின் கதை, எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "தொட்டேன், எனவே கெட்டேன்" என்பது சரியான கணக்கில்லை.

குழந்தைக்குப் போகுமா?

ஸ்லைடில் நீங்கள் பார்த்தவை வெள்ளணுக்கள். அவற்றில் என்ன நடந்தாலும் அது குழந்தைக்குப் போவதில்லை. கருமுட்டையிலும் விந்தணுவிலும் உள்ளதுதான் போகும். அந்த வழியில் எல்லாக் குழந்தைகளும் புதிய பிறழ்வுகளோடுதான் பிறக்கின்றன. தாயிடமும் தந்தையிடமும் இல்லாத எழுத்துமாற்றங்கள் ஒரு குழந்தையில் சுமார் 60 முதல் 70 வரை இருக்கும். அவற்றில் பெரும்பகுதி தந்தை வழியாக வருவது. தந்தையின் வயது ஓர் ஆண்டு கூடும்போது ஒன்றிரண்டு கூடும். ஏறக்குறைய எல்லாமே எந்தத் தொல்லையும் தராதவை.

கடுமையான பாதிப்புக்கு ஆளானவர்களின் பிள்ளைகளைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களுக்குப் பிறந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், பெற்றோர் பெற்ற கதிர்வீச்சால் பரம்பரை நோய் கூடியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. செர்னோபில் துப்புரவுப் பணியாளர்கள் முதலியோரின் பிள்ளைகள் 130 பேரின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து 2021-இல் வெளியான ஆய்விலும் புதிய பிறழ்வுகள் வழக்கத்தைவிடக் கூடவில்லை. சிறு வயதில் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்தவர்கள் வளர்ந்து பெற்ற பிள்ளைகளிடமும் பிறவிக் குறைபாடு கூடியதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. அவர்களின் உடலுக்குள் செலுத்தப்பட்ட அளவை நினைத்துப் பாருங்கள், சகோதரி. எந்தத் தம்பதிக்கும் நூறு குழந்தைகளில் மூன்று என்ற அளவில் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு உண்டு. உங்களுக்கு அது இல்லை என்று என்னால் வாக்குத் தர முடியாது. அந்த ஸ்லைடு அதைக் கூட்டிவிடவில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

மேலும் சோதனைகள் எடுக்கலாமா?

வேண்டாம். முழு மரபணுச் சோதனை பிறவியிலிருந்தே உள்ள மாற்றங்களைப் படிப்பது. ஆங்காங்கே சில வெள்ளணுக்களில் வந்துபோகும் சேதத்தை அது காட்டாது. ஒன்றுக்கும் உதவாத பத்துச் சந்தேகங்களோடுதான் திரும்பி வருவீர்கள். செல் பிரியும்போது உட்கருவுக்கு வெளியே தங்கிவிடும் நுண்கருக்களை எண்ணும் மைக்ரோநியூக்ளியஸ் சோதனைக்கு ஓரளவு பொருள் உண்டு. 10 நாடுகளைச் சேர்ந்த சுமார் 6,700 பேரின் தரவுகளைச் சேர்த்து 2007-இல் வெளியான ஆய்வில், நுண்கரு அதிகமாக இருந்த குழுவில் பின்னாளில் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. ஆனால் அது குழுவைப் பற்றிய செய்தி. வயது, புகைபிடித்தல், ஃபோலேட் குறைவு எல்லாமே அந்த எண்ணை ஏற்றும், பெண்களுக்கு இயல்பாகவே ஆண்களைவிடக் கூடுதலாக இருக்கும். தனி ஒருவரின் விதியை அதில் படிக்க முடியாது. உங்கள் குடும்பத்தில் பரம்பரை நோய் இருந்தால், அல்லது கருச்சிதைவு பல முறை நேர்ந்திருந்தால், மரபியல் ஆலோசகரை நேரில் பாருங்கள். அப்போது எடுக்க வேண்டிய சோதனைகள் வேறு.

கவலை இருக்க வேண்டிய இடம்: தராசு

சோதனைக்கு வரும் புதிய மருந்துகளைப் பற்றித்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். அவை மரபணுவைத் தாக்குமா என்பது இன்னும் கேள்விதான். பாசிட்டிவ் கன்ட்ரோலாக அலமாரியில் இருப்பவையோ, நிச்சயமாகத் தாக்கும் என்பதற்காகவே வாங்கி வைத்தவை. அந்த அறையின் ஆபத்தில் பெரும்பங்கு அந்தச் சின்னச் சின்னப் புட்டிகளில் இருக்கிறது. சைக்ளோபாஸ்பமைடும் பென்சோபைரீனும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சைக்ளோபாஸ்பமைடு கருவையும் பாதிக்கும், கருமுட்டை இருப்பையும் குறைக்கும். மைட்டோமைசின்-சி, மீத்தைல் மீத்தேன்சல்ஃபோனேட் ஆகியவையும் லேசானவை அல்ல. சோடியம் அசைடு உடனடி நஞ்சு.

நீங்கள் எடைபோடும் காட்சி என் கண்முன் நிற்கிறது. சின்னக் கரண்டி முனையில் பொடி. வறண்ட காற்றில் நிலைமின்சாரம் ஏறி, தாளின் ஓரத்திலிருந்து சில துகள்கள் துள்ளுகின்றன. தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடுகிறீர்கள், அதே கையுறையோடு குறிப்பேட்டைப் புரட்டுகிறீர்கள், பேனாவை எடுக்கிறீர்கள். மாலையில் கையுறை இல்லாமல் அதே பேனாவைத் தொடுகிறவர் யார்? உங்கள் கை நடுங்காததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

முடிந்தவரை பொடியை எடைபோடும் வேலையே இல்லாமல் செய்ய வேண்டும். முன்பே அளந்து மூடிய குப்பிகளாக வாங்கலாம், அல்லது முழுப் புட்டியையும் ஒரே தடவையில் கரைத்துச் சிறு பகுதிகளாக உறைய வைக்கலாம். எடைபோட்டே ஆக வேண்டுமென்றால், காற்றை வெளியே இழுத்து வடிகட்டும் பாதுகாப்பு அறைக்குள் தராசு இருக்க வேண்டும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: செல் வளர்ப்புக்குப் பயன்படும் கிடைமட்ட லேமினார் மேடை உங்களைக் காப்பதற்காக வைத்ததில்லை. செல்லைத் தூய்மையாக வைத்திருக்க, அது காற்றை உங்கள் முகத்தை நோக்கி ஊதுகிறது. அதில் இந்தப் பொருள்களைத் திறக்கவே கூடாது. டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்தவை கையுறையில் பட்டால் உடனே கழற்றிப் போடுங்கள். அந்தக் கரைப்பான் கையுறையையும் தோலையும் ஊடுருவி, தன்னில் கரைந்திருப்பதையும் உள்ளே அழைத்துச் செல்லும்.

வேலையை விடாமல்

வேலையை விடுவது கடைசி வழி. அதற்கு முன் உங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன. நீங்கள் கையாளும் ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் கேளுங்கள். அதில் எச்340 என்று இருந்தால் மரபுக் குறைபாடு உண்டாக்கலாம், எச்350 என்றால் புற்றுநோய், எச்360 என்றால் கருவளத்துக்கோ கருவுக்கோ தீங்கு. உலகெங்கும் வழங்கும் குறியீடுகள் இவை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990-ஆம் ஆண்டு வேதிப்பொருள் உடன்படிக்கை, தான் கையாளும் பொருளின் ஆபத்தை அறியும் உரிமையைத் தொழிலாளருக்குத் தருகிறது. அதன் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு உடன்படிக்கை, கர்ப்பிணியையும் பாலூட்டும் தாயையும் உடல்நலத்துக்கோ குழந்தைக்கோ தீங்கான வேலையில் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. இவை ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். உங்கள் நாட்டுச் சட்டம் எவ்வளவு தூரம் வரும் என்பதைத் தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

பல இடங்களில் சட்டப் பாதுகாப்பு, கர்ப்பத்தை எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் கரு உருவாகிச் சில வாரங்கள் உங்களுக்கே தெரியாது. உறுப்புகள் உருவாவதும் அந்த வாரங்களில்தான். ஆகவே கர்ப்பம் வரும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தைத் திட்டத்தை மேலாளரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "எச்340, எச்350, எச்360 குறியீடுள்ள பொடிகளை ஒரே ஆள் தொடர்ந்து எடைபோடுவது சரியில்லை, முறையை மாற்ற வேண்டும்" என்று பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள். தேதி போட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிறகு வரும் பெண்ணுக்கும், தந்தையாகப் போகும் ஆணுக்கும் அந்தக் கடிதம் பயன்படும். நுண்நோக்கியில் எண்ணுவது, தரவு ஆய்வு, அறிக்கை எழுதுவது என்று உங்கள் திறமைக்கு அந்தக் கட்டடத்திலேயே வேலை இருக்கிறது. எழுதிய பிறகும் மறுத்தால் அப்போது விடுவதைப் பற்றிப் பேசுவோம்.

ஊழியர் இரத்தத்தைப் பயிற்சிக்கு எடுத்தது பற்றியும் ஒரு வார்த்தை. அது உங்கள் உடல்நலத் தகவல். தர மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, முடிவைச் சபையில் படிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அந்த ஸ்லைடையும் பெயரோடு பதிந்த எண்களையும் அழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். வேலையை விடச் சொல்வது பயத்தால், அந்தப் பயத்தில் அன்பும் இருக்கிறது. அவருடைய சந்தேகங்களையும் அவரே எனக்கு எழுதலாம். நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்குங்கள். கருவின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்கக் கருத்தரிக்கும் முன்பே அது வேண்டும். வேறு மருந்து ஏதும் எடுப்பவரானால் மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பொடி சிந்தி மூச்சிலோ தோலிலோ பட்ட நாள் ஏதாவது நினைவில் இருந்தால், எந்தப் பொருள், எவ்வளவு என்று எழுதி எடுத்துக்கொண்டு தொழில்சார் நல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால், எடைபோடும் வேலை உங்கள் கையைவிட்டுப் போன நாளிலிருந்து குழந்தைக்கான முயற்சியைத் தொடரலாம்.